பதினேழு வெறும் பைகள்

நீங்களும் மெட்ராஸ் வரைக்குமாம்மா? நல்லதாப் போச்சு. பகல் ரயிலில் பேச்சுத் துணை இல்லைன்னா எனக்கு முழங்கால் வலி மட்டும்தான் துணை. அந்தா, ஜன்னல் ஓரமாத் தலையைச் சாய்ச்சுத் தூங்குறாங்களே, அவங்க எங்க வீட்டுக்காரங்க. திருநெல்வேலியில் ஏறி தாழையூத்துகூடத் தாண்டலை, அதுக்குள்ளே தூக்கம். முப்பத்தோரு வருஷம் மில்லில் இருந்தவங்க. அந்தச் சத்தத்துக்குப் பழகினவங்களுக்கு ரயில் சத்தமெல்லாம் காத்து வீசுற மாதிரி.

என் பேர் தங்கபுஷ்பம். மகனைப் பார்க்கப் போறோம். கிப்சன்னு பேர். மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. இப்ப புது வேலைக்கு மாத்திட்டாங்க, புது வீடும் பிடிச்சிருக்கான், வந்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்கன்னு கூப்பிட்டான். அந்தப் புது வேலை எப்படிக் கிடைச்சதுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கு. பெருமைக்குச் சொல்லலை. பெருமை எனக்கு ஆகாது.

பிட்காயின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்புத்தான், இருந்தாலும் சொல்லுறேன், சரியான்னு பாருங்க. அது கண்ணுக்குத் தெரியாத காசு. எங்கே இருக்குன்னா, எங்கேயும் இல்லை. ஆனா அதைத் திறக்கிற சாவி நம்மகிட்ட இருக்கும். அந்தச் சாவியை வைக்கிறதுக்கு கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பை வேணும். வாலட்னு சொல்லுவாங்க. கிப்சன் கம்பெனி அந்தப் பையைத்தான் செய்யுது. அவன் காசைத் தொடுறதே இல்லை, பை தைக்கிறவன், அவ்வளவுதான். சபையில் ரெண்டு பேர் இது சூதாட்டம்தானேன்னு கேட்டாங்க. எனக்கு மனசு கேட்கலை, நேரா ஐயர்கிட்டயே போயிட்டேன். எங்க பக்கம் போதகரை ஐயர்னுதான் சொல்லுவோம். அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். பை தைக்கிறது பாவம் இல்லைன்னுட்டார். அதோட என் மனசு லேசாயிருச்சு.

அந்தக் கம்பெனியில் அவன் பார்த்த வேலை இருக்கே, அது கொஞ்சம் விசித்திரம். கம்ப்யூட்டருக்குள்ளே விண்டோஸ்னு ஒண்ணு இருக்கும். அதில் ஏழாம் நம்பர் ஒண்ணு வந்தது. அப்புறம் எட்டு, பத்து, பதினொண்ணுன்னு போயிருச்சு. அந்த ஏழாம் நம்பரைச் செஞ்சவங்களே அதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆச்சு. ஆனாலும் சில பேர் இன்னும் அந்த ஏழாம் நம்பரையே வச்சிருக்காங்க. அவங்க கம்ப்யூட்டரிலும் இந்தப் பை ஓடணும்ல? அதுக்குன்னு ஒரு ஆள் வேணும்ல? அந்த ஒரே ஆள் எங்க கிப்சன்.

மத்தவங்க எல்லாரும் புதுசு புதுசாச் செய்வாங்க. அவங்க புதுசாச் செஞ்சதெல்லாம் பழைய கம்ப்யூட்டரில் வந்து முட்டிக்கிட்டு நிக்கும். இவன் உக்காந்து ஒட்டுப் போடுவான். இவனுக்குப் பிறகு வேலையில் சேர்ந்த ரெண்டு பேர் இவனுக்கு மேலே போயிட்டாங்க. மூணு வருஷமா இந்தப் பழசையே கட்டிக்கிட்டு அழுதேம்மான்னு போனில் சொல்லுவான். பிள்ளைக்கு வேலை மேலே எவ்வளவு பாசம்னு நான் நினைச்சுக்கிடுவேன்.

இந்த ஜனவரியில் ஒரு ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு வந்து மீன் கழுவிக்கிட்டிருக்கேன், போன் வந்தது. கம்பெனியில் ஒரு முடிவு எடுக்கப் போறாங்களாம். ஜூன் கடைசியில் எண்ணிப் பார்ப்பாங்களாம். ஏழாம் நம்பர் வச்சிருக்கிறவங்க அம்பது பேருக்குக் கீழே போயிட்டா, அவங்களுக்குப் பை தர்றதையே நிறுத்திருவாங்களாம். இப்ப எத்தனை பேர்னு கேட்டேன். அம்பத்தி மூணுன்னான். இந்தத் தடவையாவது நல்ல முடிவு வரணும், ஜெபத்தில் வச்சுக்கிடுங்கம்மான்னு சொல்லிட்டு வச்சுட்டான்.

எனக்கு மீன் கழுவுற கை அப்படியே நின்னு போச்சு.

ஏன்னு கேளுங்க. எங்க மில்லில் நூல் நூக்கிற பழைய மெஷின் நாப்பது இருந்தது, பிரேம்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரங்க அதைப் பழுது பார்க்கிறவங்க. ஒருநாள் லாரி வந்து அதை எல்லாம் தூக்கிட்டுப் போச்சு. அடுத்த வாரமே அதைப் பார்த்துக்கிட்டிருந்த ஆட்களில் முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இவங்க மட்டும் எப்படியோ வேற பிரிவுக்குப் போய்த் தப்பிச்சாங்க. லாரி போன அன்னைக்கு இவங்க கண்ணு கலங்க வீட்டுக்கு வந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளே நிக்குது. மெஷினைத் தூக்கினா அதைப் பார்த்துக்கிட்ட ஆளையும் தூக்கிருவாங்கம்மா. இதுக்குப் பெரிய படிப்பு வேணாம்.

அப்ப எம்பிள்ளை வேலை எதில் தொங்கிக்கிட்டு இருக்கு? மூணு பேரில். அம்பத்தி மூணுக்கும் அம்பதுக்கும் நடுவில் இருக்கிற மூணு பேரில்.

அன்னைக்கே முழங்கால் போட்டேன். ஆண்டவரே, அந்த அம்பத்தி மூணு பேர் கம்ப்யூட்டரும் நல்லா இருக்கட்டும், புதுசு வாங்கணும்கிற எண்ணமே அவங்களுக்கு வராமல் இருக்கட்டும்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே இருக்கும்போதுதான் எனக்கு அந்த வெளிச்சம் கிடைச்சது. எங்க வீட்டு அலமாரிக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடி ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, கிப்சன் காலேஜில் படிக்கும்போது வாங்கினது. அதில் என்ன நம்பர்?

அதைப் பார்த்துச் சொல்ல ரெஜினாள் அக்காவைக் கூட்டிட்டு வந்தேன். அவங்க எங்க சபைப் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துறாங்க, மேலே மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பும் உண்டு. வந்து துணியை எடுத்து, தட்டிப் பார்த்து, ஏழுதான்னாங்க. அப்புறம் சொன்னாங்க, ஏ தங்கம், என் மாடியில் இருக்கிற பதினாலும் ஏழுதான்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பதினாலும்மா. சபை ஆபீஸில் ஒண்ணு, பள்ளிக்கூடத்தில் ஹெச்எம் அறையில் ஒண்ணு, எங்க வீட்டில் ஒண்ணு. ஆக மொத்தம் பதினேழு.

எங்க வீட்டுக்காரங்களுக்கு இது பிடிக்கலை. "அவன் ஜெபம் பண்ணத்தானே சொன்னான். நீ எதுக்கு ஆள் சேர்க்கே?"ன்னு கேட்டாங்க. நான் ஆள் சேர்க்கலை, ஜெபத்துக்குக் கொஞ்சம் கை கொடுக்கேன்னு சொன்னேன். பிடிக்காட்டியும், எங்க வீட்டுக் கம்ப்யூட்டரைத் தினமும் திறந்து விட்டதெல்லாம் அவங்கதான், பார்த்துக்கிடுங்க. நான் ரெஜினாள் அக்கா மாடிக்குப் போயிருவேனே.

அந்தப் பையைக் கம்ப்யூட்டரில் இறக்கினது ரெஜினாள் அக்கா. நாங்க யாரும் ஒரு காசு போடலை. வெறும் பை. திறந்து பார்த்தா உள்ளே முட்டை மாதிரி ஒரு சைபர், அவ்வளவுதான். நீங்க இதை உபயோகிக்கிறதைக் கம்பெனிக்குத் தெரிவிக்கலாமான்னு ஒரு கட்டம் கேட்டது. அதுக்குத்தானே இவ்வளவு பாடும், எல்லாரும் ஆமான்னு டிக் போட்டோம். அடுத்தாப்பில் ஒவ்வொரு பைக்கும் பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்தை வந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப் போனாக்கூட அந்தப் பன்னெண்டையும் வரிசையாச் சொன்னா பை திரும்பக் கிடைச்சிருமாம். தாளில் எழுதி ஒளிச்சு வைங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருந்தது.

எங்க ஐக்கியத்துப் பெண்களுக்கு ஒளிச்சு வைக்கிறதெல்லாம் சரிப்படாது. ஒரு தாளைக் கையில் கொடுத்தா மனப்பாடம் பண்ணிருவாங்க. சின்னதிலே ஞாயிறு பள்ளியில் பழகின பழக்கம் அப்படி. ஒரு வாரத்தில் பதினாலு பேருக்கும் தண்ணி பட்ட பாடு. வருஷா வருஷம் மனப்பாடப் போட்டி வைப்போம், இந்த வருஷம் இதையே வச்சிருவோம்னாங்க ரெஜினாள் அக்கா. நான்தான் தடுத்தேன். அது ரகசியம்கா, சத்தமாச் சொல்லக்கூடாதுன்னேன். அதனால் மனசுக்குள்ளே சொல்லணும், சொல்லி முடிச்சதும் கையைத் தூக்கணும்னு வச்சோம். முதல் பரிசு எவர்சில்வர் தூக்குச்சட்டி. எமிலி முதல்ல கையைத் தூக்கிட்டா. அவ முழுசாச் சொன்னாளான்னு எப்படித் தெரியும்னு கேக்கீங்க. நாங்களும் யோசிச்சோம். ஆனா ஐக்கியத்து ஆளைச் சந்தேகப்பட முடியுமா? கொடுத்துட்டோம்.

சும்மா இறக்கி வச்சா எண்ணிக்கையில் வராது, அப்பப்பத் திறக்கணும்னு ரெஜினாள் அக்கா சொன்னாங்க. அப்பப்ப என்னன்னு ஒரு கணக்கு? தினமுமே திறந்துருவோம்னேன். காலையில் ஆறு மணி. ஏழு மணிக்கு வகுப்புப் பிள்ளைங்க வந்துரும், அதுக்கு முன்னாடி. பதினாலு பேரும் மாடியேறி உக்காந்து, கண்ணை மூடி கிப்சனுக்காக ஒரு சின்ன ஜெபம், ஆமென்னு சொன்னதும் பதினாலு விரலும் ஒண்ணாத் தட்டும். அதே ஆறு மணிக்கு சபை ஆபீஸில் மணியடிக்கிறவர் தட்டுவார். பள்ளிக்கூடத்தில் ஹெச்எம். வீட்டில் இவங்க. ஒருநாள் தப்பினது கிடையாது. எலிசபெத்துக்குக் கண் ஆபரேஷன் ஆன மறுநாள், பச்சைத் துணியோட வந்து, எங்கே தட்டணும்னு விரலைப் பிடிச்சுக் காட்டச் சொல்லித் தட்டிட்டுப் போனா.

கிப்சன்கிட்ட நான் மூச்சு விடலை. வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு ஒரு நினைப்பு. ஞாயித்துக்கிழமை போன் வந்தா, சும்மா கேட்கிற மாதிரி, எத்தனை பேர் இருக்காங்கய்யான்னு கேட்பேன். பிப்ரவரியில் கேட்டேன். அறுபத்தெட்டும்மான்னான். சொன்ன கையோட போனை வச்சுட்டான். சந்தோஷத்தில் பிள்ளை உடனே ஜெபம் பண்ணப் போயிட்டான்னு நான் அழுதுட்டேன். ஏப்ரலில் கேட்டேன், அறுபத்தி நாலு. எங்கிருந்தும்மா வர்றாங்க இவங்க, எல்லாரும் போயிக்கிட்டிருக்கும்போது இவங்க மட்டும் எங்கிருந்து வர்றாங்கன்னு அவனாப் புலம்பினான். எல்லாம் மேலே இருந்து வருதுய்யான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

சாத்தூரா வருது? வெள்ளரிக்காய்க்காரி வந்தா சொல்லுங்கம்மா. இவங்க எந்திரிச்சதும் அதைத்தான் கேப்பாங்க.

எங்கே விட்டேன்? ஆங், ஜூன். ஜூன் மாசம் ரெஜினாள் அக்கா மாடியில் மூணாவது வரிசைக் கம்ப்யூட்டர் ஒண்ணு மக்கர் பண்ணிருச்சு. பை திறக்க மாட்டேங்குது. கம்பெனிக்கு எழுதலாம்னு அதிலேயே ஒரு இடம் இருக்கும். ரெஜினாள் அக்கா தமிழிலேயே டைப் அடிச்சு அனுப்பிட்டாங்க. எனக்கு வரி வரியா ஞாபகம் இருக்கு. "ஸ்தோத்திரம். மூன்றாவது வரிசையில் ஒரு பை திறக்கவில்லை. நாளை காலை ஆறு மணி ஜெபத்துக்குள் சரிசெய்து தரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

பழைய கம்ப்யூட்டர் புகார் எல்லாம் யார்கிட்ட போகும்? கிப்சன்கிட்டத்தானே போகும்.

மறுநாள் காலையில் நாங்க கண்ணை மூடியிருக்கோம். ஆமென் சொல்லித் தட்டிட்டுக் கண்ணைத் திறந்தா, வாசலில் கிப்சன். தோளில் பை, சவரம் பண்ணாத முகம், பஸ்ஸில் வந்த கசங்கின சட்டை. பதினாலு பேரையும் ஒவ்வொருத்தரா எண்ணுறான், விரலால். அவனுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவங்களே அதில் மூணு பேர்.

"எம்மா, திருநெல்வேலிக் கும்பல் நீங்கதானா?"

எனக்குப் புரியலை. ரெஜினாள் அக்காதான், வா ஐயா, உன் வேலையை நாங்க ஆறு மாசமாத் தாங்கிப் பிடிச்சிருக்கோம்ல, நன்றி எல்லாம் வேண்டாம், முதல்ல அந்த மூணாவது வரிசையைப் பாருன்னாங்க. அவன் அப்படியே ஸ்டூலில் உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சான். சிரிக்கான், சிரிக்கான், கண்ணில் தண்ணி வருது. எமிலி தூக்குச்சட்டியில் இருந்து காபி ஊத்திக் கொடுத்தா. அதைக் கையில் வாங்கிட்டும் சிரிக்கான்.

அப்புறம் சொன்னான். ஸ்தோத்திரம், மூணாவது வரிசை, ஆறு மணி ஜெபம்னு படிச்சதுமே அது ரெஜினாள் அக்கா மாடிதான்னு பொறி தட்டி, அன்னைக்கே பஸ் ஏறிட்டானாம். கம்பெனியில் நாலு பேர் ரெண்டு வாரமாத் தூங்கலையாம். பதினேழு பை, எல்லாம் ஒரே ஊர். எல்லாம் காலி. ஒருத்தரும் காசு போடலை, எடுக்கலை. ஆனா தினமும் ஆறு மணி அடிச்சா அதே நிமிஷத்தில் பதினேழும் திறக்குது. காலிப் பையை இப்படித் தினமும் திறந்து பார்க்கிறவன் திருடனாத்தான் இருக்கணும், ஏதோ பெரிய கொள்ளைக்கு ஒத்திகை நடக்குதுன்னு முடிவு கட்டி, எங்களுக்குத் திருநெல்வேலிக் கும்பல்னு பேரும் வச்சிருக்காங்க. எங்க கும்பலில் ரொம்பச் சின்ன வயசு எமிலிக்குத்தான். அம்பத்தெட்டு.

எங்க பெண்களுக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அது வேற கதை.

வீட்டுக்கு வந்து இட்லி வச்சேன். ரெண்டு சாப்பிட்டான், கையைக் கழுவலை, தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தான். நான் கேட்டேன், வேலை நிலைச்சிருச்சுல்லய்யா, இன்னும் என்ன முகவாட்டம்னு. அப்பதான் சொன்னான். ஈரோட்டுப் பக்கம் ஒரு பெரியவர். ரிட்டையர்டு வாத்தியார். பழைய கம்ப்யூட்டரில்தான் பையை வச்சிருந்தார். கம்பெனிப் பையில் ஒரு குறையும் இல்லையாம், ஆனா அந்த ஏழாம் நம்பர் இருக்கே, அதைச் செஞ்சவங்களே கைவிட்டதனால் அதில் எங்கே ஓட்டை விழுதுன்னு பார்க்க ஆள் இல்லை. அந்த ஓட்டை வழியா எவனோ உள்ளே வந்து சாவியைத் திருடிட்டான். இருந்தது எல்லாம் போச்சு. இந்தக் காசு போனா போனதுதானாம், எந்த பேங்க்கிலும் போய்க் கேட்க முடியாதாம்.

"கோபமா எழுதினாக்கூட தாங்கிக்கிடுவேம்மா. ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஒரு வரி எழுதுதாரு. வணக்கம் தம்பி, இந்த வாரம் ஏதாவது தகவல் உண்டான்னு. ஒண்ணரை வருஷமா நானும் இல்லைங்கய்யான்னு பதில் எழுதுதேன்."

அப்புறம் மெதுவாச் சொன்னான். அந்தப் பழசை நிறுத்தணும்னு கம்பெனியில் கேட்டதே அவன்தானாம். மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருக்கானாம். நாம பை தர்றதனால்தான் ஜனங்க தைரியமா அதிலேயே இருக்காங்க, நிறுத்தினாத்தான் புதுசுக்கு மாறுவாங்கன்னு. வேலை எல்லாம் போகாதாம். வேற நல்ல பிரிவில் இடம் போட்டு வச்சிருக்காங்க, பழசு முடிஞ்சாத்தான் அங்கே போக முடியும். அவங்க எண்ணின கணக்குப்படி இப்ப அம்பத்தெட்டு பேர் இருக்காங்க. எங்களைக் கழிச்சா நாப்பத்தொண்ணு.

அதாவது, எம்பிள்ளை கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே இருந்து தட்டுறான். நாங்க பதினேழு பேரு வெளியே நின்னு, கதவு திறந்துரக்கூடாதுன்னு சாஞ்சு பிடிச்சுக்கிட்டிருக்கோம். ஜெபம் பண்ணிக்கிட்டே.

நான் இவங்களைப் பார்த்தேன். மில்லில் நடந்ததை நீங்களாவது சொல்லுங்க, மெஷினைத் தூக்கினதும் ஆளைத் தூக்கலையான்னு கேட்டேன். இவங்க பேப்பரைக் கீழே வச்சாங்க.

"லாரி போன அன்னைக்கு நான் அழுதேன்னு நீ ஊரெல்லாம் சொல்லுத. அழுதேன்தான். அந்தப் பிரேம் இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருந்தா மத்த விரலும் போயிருக்கும்டி. சனியன் விட்டதுன்னு அழுதேன்."

இவங்க வலது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும், தூங்கும்போது பாருங்க, தெரியும். கல்யாணம் ஆன அஞ்சாம் வருஷம் அந்தப் பிரேமில் போனது. அந்தக் கைக்கு முப்பத்தஞ்சு வருஷமாச் சோறு போடுறேன். அவங்க அழுத நாளை மட்டும் ஞாபகம் வச்சிருந்தேனே தவிர, எதுக்கு அழுதீங்கன்னு ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கலைம்மா. எனக்கே தெரியும்னு இருந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி ஜெபத்தில் நான் எதையும் கேட்கலை. சும்மா முழங்காலில் இருந்துட்டு எந்திரிச்சேன்.

மறுநாள் ஆறு மணிக்கு மாடியில் எல்லாரையும் உக்கார வச்சுச் சொன்னேன். இன்னைக்கு எல்லாரும் எடுத்துருவோம்னு. எலிசபெத் கேட்டா, அப்ப நாளைக்குக் காலையில் நாம எதுக்கு வரணும்னு. அவளுக்கு வீட்டில் யாரும் கிடையாது. அதுக்கு நான் யோசிக்கவே இல்லை. ரெஜினாள் அக்காதான், ஏன், தட்டுறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா உக்காந்து பேசக்கூடாதான்னு கேட்டாங்க. இன்னைக்கும் ஆறு மணிக்கு மாடியில் காபி உண்டு.

பையை எடுக்கும்போது, நிச்சயமா நீக்கவான்னு கேட்கும். அதுவும் ரெண்டு தடவை கேட்கும். எமிலி ரெண்டாவது தடவை என்னைத் திரும்பிப் பார்த்தா. ஆமான்னு தட்டுடின்னேன். எங்க வீட்டுதை நானே எடுத்தேன். தட்டுறதுக்கு முன்னாடி சேலைத் தலைப்பால் திரையைத் துடைச்சேன். இவங்க பக்கத்தில் நின்னு, இதுக்கு எதுக்குடி இப்படி, உள்ளே ஒண்ணுமே இல்லைல்லான்னாங்க. உள்ளே ஒண்ணும் இல்லைதான். ஆனா ஆறு மாசம் பிள்ளை பேரைச் சொல்லித் திறந்தது.

மனப்பாடம் பண்ணினது மட்டும் அழியலை. ரெஜினாள் அக்கா இன்னும் பாத்திரம் விளக்கும்போது அந்தப் பன்னெண்டையும் முணுமுணுப்பாங்க.

ஜூன் முப்பதாம் தேதி எண்ணினாங்க. நாப்பத்தொண்ணு. நிறுத்திட்டாங்க.

ஆனா கிப்சன் அப்படியே விட்டுட்டு வரலை, பார்த்துக்கிடுங்க. அந்த நாப்பத்தொரு பேருக்கும் எழுதி, நம்பர் வாங்கி, ஒவ்வொருத்தரா அவனே போன் போட்டான். ஒருத்தர் காசர்கோட்டில் மரக்கடைக்காரர், இவனுக்கு மலையாளம் தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை, நாலு மணி நேரம் ஆச்சாம் அவர் பையைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்த. ஜூலை முழுக்க இதே வேலை. நாப்பத்தோராவது ஆளை மாத்தினதும், ஈரோட்டுப் பெரியவருக்குப் போன் போட்டானாம். அவருக்கு மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லை. இருந்தாலும் போட்டான். ஐயா, உங்களுக்கு வந்த மாதிரி இனி யாருக்கும் வராதபடி நிறுத்தியாச்சுங்கய்யான்னு சொன்னானாம். அவர், சாப்பிட்டீங்களா தம்பின்னு கேட்டாராம். அதுக்குப் பிறகு திங்கக்கிழமை கடிதம் வர்றதில்லை. அவர் பேரைக் கேட்டு வாங்கி என் ஜெபக்குறிப்பில் எழுதி வச்சிருக்கேன்.

இப்ப கிப்சன் புதுப் பிரிவில் இருக்கான். போனுக்கான பை. குரலே மாறிப் போச்சு, போன வாரம் பேசும்போது பாட்டு முணுமுணுத்தான்.

நானும் ஒரு தீர்மானம் எடுத்துட்டேன்மா. இனிமே பிள்ளைங்க வேலையில் தலையிடுறதில்லை. அவங்க என்ன நினைக்காங்கன்னு கேட்காம எதையும் செய்யறதில்லை. முடிச்சாச்சு, அந்தப் புத்தி எனக்குப் போயே போச்சு.

சரி, உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்களேன்.

ஒண்ணும் இல்லை, அவன் புதுப் பையை இறக்கத்தான். முதல் வருஷத்தில் பத்தாயிரம் பேர் வேணுமாம். அவன் கேட்கலை, அவன் ஏன் கேக்கான், நானாத்தான். காசெல்லாம் போட வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். இந்தப் பெட்டியில் ஏழு பேர் இறக்கியாச்சு, டிக்கெட் பார்க்க வந்தாரே, அவரும்தான். நீங்க பாத்ரூம் பக்கம் போயிருந்தீங்க.

கொடுங்க, நானே பார்க்கிறேன். இருங்க, கண்ணாடி. செட்டிங்ஸ்னு ஒண்ணு இருக்கும்... போன் பற்றின்னு... அட. இது எத்தனை வருஷத்துப் போன்மா? உங்க அக்கா வச்சிருந்ததா?

வேண்டாம்மா. நீங்க வச்சுக்கிடுங்க. உங்க மேலே குத்தம் சொல்லலை. ஆனா இந்தப் பழைய போனிலும் பை ஓடணும்னா எம்பிள்ளை மறுபடியும் பழையபடி ஒட்டுப் போட உக்காரணும். வர்ற ஏப்ரலோட இந்த மாதிரிப் போனுக்குப் பை தர்றதையும் நிறுத்தப் போறாங்க, அவன்தான் சொன்னான்.

வருத்தப்படாதீங்க. உங்க பேரைச் சொல்லுங்க, ஜெபக்குறிப்பில் எழுதிக்கிறேன். மார்ச்சுக்குள்ளே உங்களுக்கு ஒரு புதுப் போன் கிடைக்கணும்னு நாங்க எல்லாரும் கேட்கிறோம். ஆனா இந்தத் தடவை தெளிவாக் கேட்டுரணும், போன தடவை நானா ஒண்ணை நினைச்சுக்கிட்டு மாட்டிக்கிட்டேன். எந்தக் கலர்ல வேணும்மா?